டோபமின் நொதி கணையத்தில் ஏன் உருவாவதில்லை? நியூரான் புரோமோட்டர்கள் ஓர் எளிய அறிமுகம்

மனிதனின் 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையின் நுனியில் இரண்டு மரபணுக்கள் அக்கம்பக்கத்து வீடுகளைப் போல இருக்கின்றன. ஒன்று இன்சுலின் மரபணு. மற்றொன்று, நரம்புத் தூதுப்பொருளான டோபமினைத் தயாரிப்பதில் முதல் படியைச் செய்யும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கான மரபணு. இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகள்தான் இடைவெளி. இருந்தும் இன்சுலின் கணையத்தின் பீட்டா செல்லில் உருவாகிறது, டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மூளையின் குறிப்பிட்ட சில நியூரான்களிலும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியிலும் உருவாகிறது. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உண்டு. நடுமூளையில் கருமையாகத் தெரியும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா பகுதியில் இந்த நொதியை வைத்திருக்கும் டோபமின் நியூரான்களோ சில லட்சம்தான். பார்க்கின்சன் நோயில் அழிபவை இவையே.

எல்லா செல்லிலும் அதே டி.என்.ஏ. இருக்கிறது. அப்படியானால் இந்தச் சில லட்சம் செல்களுக்கு மட்டும் அந்த மரபணுவைப் படிக்க யார் சொல்வது? விடையின் முதல் பாதி, மரபணுவின் தொடக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுத் துண்டான புரோமோட்டரில் இருக்கிறது. மறுபாதி, அந்தப் புரோமோட்டரில் வந்து உட்காரும் புரதங்களில் இருக்கிறது. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டுப் படிப்பதால்தான் பலருக்கும் இந்தப் பாடம் குழம்பிப்போகிறது.

புரோமோட்டர் என்பது எது

மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுப்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்ற புரத இயந்திரம். படியெடுப்பு தொடங்கும் முதல் எழுத்துக்கு +1 என்று எண் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் உள்ள எழுத்துகளுக்கு எதிர்மறை எண். பூஜ்யம் கிடையாது, −1-ஐ அடுத்து +1 வரும். தொடக்கப் புள்ளியைச் சுற்றி ஏறக்குறைய −40 முதல் +40 வரையுள்ள துண்டுக்கு மையப் புரோமோட்டர் என்று பெயர். பாலிமரேஸ் இறங்கும் இடம் இதுதான். சில மரபணுக்களில் −30-ஐ ஒட்டி ‘டாட்டா பெட்டி’ என்ற, டி-யும் ஏ-யும் மிகுந்த துண்டு இருக்கும். பலவற்றில் அதுவும் இருக்காது.

மையப் புரோமோட்டரில் வேலை செய்யும் அடிப்படைப் புரதங்கள் ஏறக்குறைய எல்லா செல்லிலும் உண்டு. ஆகவே ‘நியூரானில் மட்டும்’ என்ற முடிவு பெரும்பாலும் இங்கே எடுக்கப்படுவதில்லை. அதற்கு மேலே, சில நூறு எழுத்துத் தூரம் வரை, கட்டுப்பாட்டுப் புரதங்கள் பற்றிக்கொள்ளும் சிறு சிறு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 6 முதல் 20 எழுத்து நீளம். இன்னும் தொலைவில், பத்தாயிரம் எழுத்து தாண்டியும், படியெடுப்பைக் கூட்டும் என்ஹான்சர்கள் என்ற துண்டுகள் இருக்கலாம். டி.என்.ஏ. வளைந்து கொடுக்கும் என்பதால் தொலைவில் இருக்கும் என்ஹான்சரும் புரோமோட்டரைத் தொட்டுவிடும். ஆய்வகப் பேச்சில் இவை அனைத்தையும் சேர்த்தே ‘புரோமோட்டர்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். கட்டுரைகளைப் படிக்கும்போது எந்தப் பொருளில் சொல்கிறார்கள், எத்தனை எழுத்துத் துண்டைச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

எட்டு எழுத்து: சாவி ஒன்று, கதவுகள் பல

டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மரபணுவில் −45 முதல் −38 வரை ஒரு எட்டெழுத்து இருக்கிறது:

டி-ஜி-ஏ-சி-ஜி-டி-சி-ஏ

இதன் எதிர் இழையை எழுதிப் பாருங்கள். ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி என்று மாற்றி, பின்னிருந்து முன்னாகப் படித்தால் அதே எட்டெழுத்து வரும். தமிழில் மாலைமாற்று என்கிறோமே, அதற்கு உறவான அமைப்பு. எதிர் இழையிலும் அதே பாட்டு ஒலிக்கிறது. இந்தச் சமச்சீருக்குக் காரணம் உண்டு. இங்கே வந்து உட்காரும் கிரெப் என்ற புரதம் இரட்டையாக வருகிறது. இரட்டையரில் ஒருவர் இடப் பாதியைப் பிடிக்கிறார், மற்றவர் வலப் பாதியைப் பிடிக்கிறார். நடுவிலுள்ள சி-ஜி-யில் ஓர் எழுத்தை மாற்றினாலே பிடி தளர்ந்துவிடும்.

செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு கூடும்போது கிரெப் மீது பாஸ்பேட் ஏறுகிறது, படியெடுப்பு வேகம் பிடிக்கிறது. செல் வளர்ப்பில் இந்த எட்டெழுத்தைக் கெடுத்தால், தூண்டலால் வரும் உயர்வு போய்விடுகிறது. தூண்டாதபோது இருந்த அடிப்படை அளவும் சரிந்துவிடுகிறது. அவ்வளவு முக்கியமான இடம் இது.

ஆனால் கிரெப் கல்லீரலிலும் உண்டு, சிறுநீரகத்திலும் உண்டு. அப்படியென்றால் இந்த எட்டெழுத்தால் ‘எவ்வளவு’ என்பதைச் சொல்ல முடியுமே தவிர ‘எங்கே’ என்பதைச் சொல்ல முடியாது. புரோமோட்டர் பற்றிக் கற்கத் தொடங்குபவர் தவறாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. ஓர் இடத்தைக் கெடுத்தால் நொதி குறைகிறது என்பதால், அந்த இடம்தான் நியூரானை அடையாளம் காண்கிறது என்று ஆகிவிடாது.

‘எங்கே’ என்பதைச் சொல்லும் புரதங்கள் வேறு. நடுமூளை டோபமின் நியூரான்களுக்கு நர்1 என்ற புரதம் வேண்டும். 1997-இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது நடுமூளை டோபமின் நியூரான்கள் உருவாகவே இல்லை. வாசனையை உணரும் மூளைப் பகுதியான நுகர்வுக் குமிழில் இருக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் செல்களோ அப்படியே இருந்தன. டோபமினிலிருந்து உருவாகும் நோரட்ரினலினைச் சுரக்கும், பின்மூளையிலுள்ள லோகஸ் செருலியஸ் பகுதிக்குத் தேவைப்படுபவை ஃபாக்ஸ்2 குடும்பப் புரதங்கள். ஒரே நொதி, ஒரே மரபணு. ஆனால் நடுமூளையில் ஒரு கூட்டணி அதைத் திறக்கிறது, பின்மூளையில் இன்னொரு கூட்டணி, நுகர்வுக் குமிழில் மூன்றாவது. நுகர்வுக் குமிழின் விஷயம் இன்னும் வியப்பு தருவது. எலியின் ஒரு நாசித் துளையை அடைத்து வைத்தால் அந்தப் பக்கக் குமிழில் இந்த நொதியின் அளவு விழுந்துவிடும். வாசனை வந்து தூண்டினால்தான் மரபணு திறந்திருக்கும்.

இருபத்தோரு எழுத்து: பூட்டு

இதுவரை திறப்பதைப் பற்றிப் பேசினோம். 1995-இல் அமெரிக்காவில் கெயில் மேண்டல், டேவிட் ஆண்டர்சன் இருவரின் ஆய்வுக் குழுக்களும் தனித்தனியே கண்டறிந்தது பூட்டுவதைப் பற்றி. நியூரானுக்கே உரிய ஒரு சோடியம் வாயில் (சோடியம் அயனிகள் நுழையும் புரதத் துளை) மரபணுவையும், எஸ்.சி.ஜி.10 என்ற மரபணுவையும் அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டின் அருகிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான 21 எழுத்துத் துண்டு இருந்தது. அதை நீக்கியபோது, நியூரான் அல்லாத செல்களில்கூட அந்த மரபணுக்களின் புரோமோட்டர்கள் வேலை செய்யத் தொடங்கின. அந்தத் துண்டுக்கு ஆர்.இ.1 என்று பெயர். அதைப் பிடிக்கும் புரதத்துக்கு ஒரு குழு ரெஸ்ட் என்றும் மற்றது என்.ஆர்.எஸ்.எஃப். என்றும் பெயர் வைத்தது. இரண்டும் ஒரே புரதம்தான்.

அந்த 21 எழுத்தின் பொது வடிவத்தைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இடப் பாதி ஒன்பது எழுத்து: டி-டி-சி-ஏ-ஜி-சி-ஏ-சி-சி. நடுவே இரண்டு எழுத்து இடைவெளி. வலப் பாதி பத்து எழுத்து: ஜி-ஜி-ஏ-சி-ஏ-ஜி-சி-ஜி-சி-சி. ரெஸ்ட் புரதத்தில் துத்தநாக அயனியைச் சுற்றி மடிந்த எட்டு விரல்கள் போன்ற பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. அவை இந்த நீளம் முழுவதையும் பற்றிக்கொள்கின்றன. இவ்வளவு நீளமான ஓர் இடம் தற்செயலாக அமைவது அரிது. மரபணுத் தொகுப்பு முழுவதிலும் கணினியால் இதைத் தேடிப் பிடிக்க முடிவதும் அதனால்தான்.

பற்றிக்கொண்டபின் ரெஸ்ட் தனியாக எதுவும் செய்வதில்லை, ஆட்களை அழைக்கிறது. அதன் ஒரு முனை சின்3 என்ற புரதத்தையும் மறுமுனை கோரெஸ்ட் என்ற புரதத்தையும் கூட்டி வருகின்றன. இவற்றுடன் வரும் நொதிகள், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளிலிருந்து அசிட்டைல் குறிகளைக் கழற்றுகின்றன. எல்.எஸ்.டி.1 என்ற இன்னொரு நொதி, ‘இங்கே படிக்கலாம்’ என்று காட்டும் மெத்தில் குறியை அழிக்கிறது. சுருள் இறுகுகிறது. பாலிமரேஸால் இறங்க முடிவதில்லை.

மூளை நொதி ஒன்றில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கோலின் அசிட்டைல்ட்ரான்ஸ்ஃபரேஸ் நல்ல எடுத்துக்காட்டு. அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருளைத் தயாரிக்கும் நொதி இது. இதன் மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள்ளேயே (படியெடுத்தபின் வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) இன்னொரு முழு மரபணு குடியிருக்கிறது. தயாரான அசிட்டைல்கோலினைச் சிறு பைகளுக்குள் ஏற்றும் கடத்திப் புரதத்துக்கான மரபணு அது. சரக்கைத் தயாரிப்பவரும் மூட்டை கட்டுபவரும் ஒரே முற்றத்தில். மேற்புறத்தில் உள்ள ஓர் ஆர்.இ.1 இரண்டையும் சேர்த்தே நியூரான் அல்லாத செல்களில் அடக்கி வைக்கிறது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பயன் இல்லை என்பதால், இரண்டுக்கும் ஒரே பூட்டு போட்டிருப்பது மிக அழகான ஏற்பாடு.

கரு வளர்ச்சியில் மூல செல் நியூரானாக மாறும்போது ரெஸ்ட் புரதம் சிதைக்கப்படுகிறது, அதன் அளவு படிப்படியாக இறங்குகிறது. பூட்டு கழன்றதும் எல்லாக் கதவும் திறந்துவிடுமா? இல்லை. தோல் செல்லில் ரெஸ்டை நீக்கினால் சில நியூரான் மரபணுக்கள் ஓரளவு இயங்கும், ஆனால் அந்தச் செல் நியூரானாகிவிடாது. பூட்டு கழல வேண்டும், சரியான சாவியும் வர வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நிறைவேறும் செல்லில்தான் நொதி உருவாகும்.

வேறு இரண்டு வழிகள்

உடல் முழுவதும் தேவைப்படும் நொதி மூளைக்கும் தேவைப்பட்டால்? ஒரு வழி, மூளைக்குத் தனி மரபணு வைத்துக்கொள்வது. குளுக்கோஸைச் சிதைக்கும் ஈனோலேஸ் நொதிக்கு, பல திசுக்களில் ஒரு மரபணு, தசைக்கு ஒன்று, நியூரானுக்கு ஒன்று என மூன்று உண்டு. நியூரான் முதிரும்போது பொது ஈனோலேஸிலிருந்து நியூரான் ஈனோலேஸுக்கு மாறுகிறது. எலியினத்தைச் சேர்ந்த ரேட்டின் இந்த மரபணுவிலிருந்து எடுத்த 1,800 எழுத்துப் புரோமோட்டர் துண்டை, நியூரான்களில் மட்டும் ஒரு மரபணுவை இயக்கப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். செரட்டோனின் தயாரிக்கும் டிரிப்டோபன் ஹைட்ராக்சிலேஸும் அப்படித்தான். குடலுக்கு முதல் மரபணு, மூளை நியூரானுக்கு இரண்டாவது. இந்த இரண்டாவது இருப்பதே 2003-இல்தான் தெரிந்தது.

நியூரான் ஈனோலேஸ் மருத்துவமனையிலும் பயன்படுகிறது. இதயம் நின்று மீண்டவரின் மூளைச் சேதத்தை மதிப்பிட 48, 72 மணி நேரத்தில் இரத்தத்தில் இதன் அளவைப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் லிட்டருக்கு 60 மைக்ரோகிராமை எல்லையாக வைத்து, மற்றச் சோதனைகளோடு சேர்த்தே முடிவெடுக்கச் சொல்கிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘நியூரான்’ என்று பெயரில் இருந்தாலும் சிவப்பணுவிலும் இந்த நொதி உண்டு. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் மூளைக்குச் சேதமே இல்லாமல் எண் ஏறிவிடும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த மாதிரியை நம்பக் கூடாது. ‘நியூரானுக்கே உரியது’ என்ற பெயரை எப்போதும் ‘பெரும்பாலும் நியூரானில்’ என்றே படிக்க வேண்டும்.

இன்னொரு வழி, ஒரே மரபணுவுக்குப் பல புரோமோட்டர்கள். டோபாவை டோபமினாக மாற்றும் ஏ.ஏ.டி.சி. நொதிக்கு நியூரானில் ஒரு புரோமோட்டர், கல்லீரல், சிறுநீரகத்தில் வேறொன்று. தொடக்கப் புள்ளி மாறுவதால் ஆர்.என்.ஏ.வின் முதல் எக்ஸான் (இன்ட்ரான்கள் போனபின் எஞ்சும் துண்டு) மாறுகிறது. ஆனால் அந்த எக்ஸானில் புரதத்துக்கான குறியீடு இல்லாததால் இரண்டிலிருந்தும் வரும் நொதி ஒன்றேதான். ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக்கும் அரோமடேஸுக்கு இன்னும் அதிகம். சூலகம், நஞ்சுக்கொடி, கொழுப்புத் திசு, மூளை என ஒவ்வொன்றும் தனித்தனிப் புரோமோட்டரைப் பயன்படுத்துகின்றன.

ஒரு துண்டை எப்படிச் சோதிப்பது

‘இந்தத் துண்டு நியூரானில் மட்டும் வேலை செய்கிறது’ என்று சொல்ல என்ன ஆதாரம் வேண்டும்? முதற்படி லூசிஃபெரேஸ் சோதனை. மின்மினியின் ஒளி நொதியான லூசிஃபெரேஸின் மரபணுவுக்கு முன்னால் புரோமோட்டர் துண்டை ஒட்டி, அந்த வட்ட டி.என்.ஏ.வை, அதாவது பிளாஸ்மிடை, செல்லுக்குள் செலுத்துவார்கள். புரோமோட்டர் எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு ஒளி.

24 குழித் தட்டு என்றால், குழிக்கு 400 நானோகிராம் சோதனைப் பிளாஸ்மிடும், ரெனில்லா என்ற வேறொரு ஒளி நொதி கொண்ட 20 நானோகிராம் ஒப்பீட்டுப் பிளாஸ்மிடும் போதும். 48 மணி நேரம் கழித்து 100 மைக்ரோலிட்டர் கரைசலில் செல்லை உடைத்து, அதில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து இரண்டு ஒளியையும் அளக்க வேண்டும். மின்மினி ஒளியை ரெனில்லா ஒளியால் வகுத்து வரும் விகிதம்தான் விடை. வெறும் மின்மினி ஒளியை ஒப்பிடுவது பெரிய தவறு. எஸ்.எச்.-எஸ்.ஒய்.5ஒய். போன்ற நியூரோபிளாஸ்டோமா (நரம்புத் திசுப் புற்று) செல்கள் பிளாஸ்மிடை எளிதில் ஏற்பதில்லை, நியூரான் அல்லாத ஹீலா செல்கள் ஏற்கும். வகுக்காமல் பார்த்தால் நியூரான் புரோமோட்டர் ஹீலாவில் நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றிவிடும்.

குறைந்தது நான்கு பிளாஸ்மிடுகள் வேண்டும்: முழுத் துண்டு, ஆர்.இ.1-இல் எழுத்து மாற்றிய துண்டு, புரோமோட்டரே இல்லாத வெற்று, எந்தச் செல்லிலும் வேலை செய்யும் வலுவான புரோமோட்டர். குறைந்தது இரண்டு வகைச் செல்கள், ஒவ்வொன்றும் மூன்று குழிகளில், வெவ்வேறு நாளில் மூன்று முறை. ஆர்.இ.1 உண்மையாகவே பூட்டு என்றால், எழுத்து மாற்றிய துண்டு ஹீலாவில் ஏறும், ரெஸ்ட் குறைவாக உள்ள நியூரான்களில் பெரிதாக மாறாது. இரண்டிலும் ஏறினால், அந்த ‘நியூரான்’ செல்லில் ரெஸ்ட் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புற்றிலிருந்து வந்த செல்களில் அது இருப்பது உண்டு.

துண்டை வெட்டிக் குறைப்பதைவிட எழுத்து மாற்றுவது மேல். வெட்டும்போது மீதமுள்ள இடங்களுக்கும் தொடக்கப் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் மாறிவிடும். ஒளி குறைந்தது வெட்டிய இடத்தாலா, தூரம் மாறியதாலா என்று சொல்ல முடியாது.

இந்தச் சோதனைக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. புதிதாகச் செலுத்திய பிளாஸ்மிட், குரோமோசோமைப்போல ஹிஸ்டோன்களில் ஒழுங்காகச் சுற்றப்பட்டிருக்காது. ரெஸ்டின் வேலையோ பெரும்பகுதி ஹிஸ்டோன் வழியாகவே நடக்கிறது. ஆகவே தட்டில் கிடைக்கும் எண் பூட்டின் முழு வலுவைக் காட்டுவதில்லை. டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் சில நூறு எழுத்துத் துண்டு செல் வளர்ப்பில் நன்றாகவே ஒளிரும். உயிருள்ள எலியின் மூளையில் சரியான நியூரான்களில் வலுவாக இயங்கிய துண்டு என்று 1994-இல் காட்டப்பட்டதன் நீளம் 9,000 எழுத்து.

எலியிலும் வைரஸிலும் தடுமாறும் இடங்கள்

எலியின் குரோமோசோமுக்குள் ஒரு துண்டைச் செருகும்போது அது எங்கே போய் விழும் என்று தெரியாது. பக்கத்து என்ஹான்சரின் பிடியில் சிக்கினால் தேவையற்ற செல்லிலும் ஒளிரும், இறுகிய பகுதியில் விழுந்தால் ஒளிராமலே போகும். ஒரே துண்டை வைத்து உருவாக்கிய இரண்டு எலி வம்சங்கள் இரண்டு விதமாக நடப்பது இதனால்தான். கேம்-கைனேஸ் 2 ஆல்ஃபா என்ற நொதியின் புரோமோட்டர் முன்மூளையின் கிளர்ச்சி நியூரான்கள் பலவற்றில் இயங்குவது. 1996-இல் அதனால் மரபணுவை வெட்டி நீக்கும் நொதியை இயக்கி உருவாக்கிய ஒரு வம்சத்தில் மரபணு நீக்கம், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸின் சி.ஏ.1 பகுதியிலேயே பெரும்பாலும் நடந்தது. அந்த ஆய்வுக்கு அது பேருதவியாக அமைந்தது. புரோமோட்டரின் குணம் மட்டுமே அதற்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டால் தவறு.

மரபணுவின் சொந்த இடத்திலேயே செருகினாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் புரோமோட்டரால், டி.என்.ஏ.வில் குறித்த துண்டை வெட்டி நீக்கும் கிரே என்ற நொதியை இயக்கும் எலிகளில், டோபமின் தயாரிக்காத செல்களிலும் கிரே வேலை செய்வதை 2015-இல் வெளியான ஒப்பீடு காட்டியது. கிரே ஒருமுறை வெட்டினால் போதும், அடையாளம் ஆயுளுக்கும் நிற்கும். கருவில் சில நாள் மட்டும் திறந்து மூடிய புரோமோட்டரும், புரதம் உருவாகும் அளவுக்கு வராத மெல்லிய படியெடுப்பும் அப்படியே பதிந்துவிடும்.

மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லப் பயன்படும் ஏ.ஏ.வி. வைரஸில் சிக்கல் இடநெருக்கடி. மொத்தம் ஏறக்குறைய 4,700 எழுத்துதான் கொள்ளும். அதில் இரு முனைகளுக்கு 145 வீதம் 290 போய்விடும். 9,000 எழுத்துப் புரோமோட்டரை நினைத்தே பார்க்க முடியாது. ஏறக்குறைய 470 எழுத்துள்ள சினாப்சின் புரோமோட்டர் இவ்வளவு புழக்கத்தில் இருப்பதற்கு அதன் சிறிய உருவம் ஒரு பெரிய காரணம். ஆனால் அது ‘நியூரான்’ என்று மட்டுமே சொல்லும், ‘டோபமின் நியூரான்’ என்று சொல்லாது. வைரஸ் அளவை அதிகமாகக் கொடுத்தால் இந்த எல்லையும் கரைந்து, வேறு செல்களிலும் கசியும். செல்லுக்குள் நூற்றுக்கணக்கான பிரதிகள் போகும்போது, ஒவ்வொன்றிலும் வரும் சிறு கசிவு சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிவிடுகிறது.

அதனால் ஒரே அளவில் சோதித்து நிறுத்தாதீர்கள். நீர்க்காதது, மூன்றில் ஒன்று, பத்தில் ஒன்று, முப்பதில் ஒன்று என நான்கு அளவுகளில் செலுத்தி, 3–4 வாரம் கழித்து மூளைத் துண்டுகளில் நொதியின் ஆன்டிபாடியால் சாயமேற்றி எண்ணுங்கள். இரண்டு எண்களைத் தனித்தனியே எழுத வேண்டும். ஒளிரும் செல்கள் 200, அவற்றில் நொதி உள்ளவை 170 என்றால் துல்லியம் 85 சதவீதம். அந்தப் பகுதியில் நொதி உள்ள செல்கள் மொத்தம் 340 என்றால் எட்டல் 50 சதவீதம். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டால் படிப்பவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. நீர்க்க நீர்க்கத் துல்லியம் ஏறும், எட்டல் இறங்கும். ஆய்வின் கேள்விக்கு எது முக்கியமோ அதற்கேற்ற அளவைத் தேர்ந்துகொள்ளலாம்.

சிகிச்சையில் இந்தக் கணக்கு வேறு மாதிரி அமையலாம். ஏ.ஏ.டி.சி. நொதி பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளுக்கான மரபணு சிகிச்சை 2022-இல் ஐரோப்பாவிலும் 2024-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அதிலுள்ள ஏ.ஏ.வி.யில் நியூரான் புரோமோட்டர் இல்லை, எந்தச் செல்லிலும் இயங்கக்கூடிய சி.எம்.வி. வைரஸ் புரோமோட்டர்தான் இருக்கிறது. ‘எங்கே’ என்பதை அங்கே முடிவு செய்வது அறுவை மருத்துவரின் ஊசி. மூளையின் ஆழத்தில் இரு பக்கமும் உள்ள புட்டமென் பகுதிகளிலும் பக்கத்துக்கு இரண்டு இடம், இடத்துக்கு 80 மைக்ரோலிட்டர் என மொத்தம் 320 மைக்ரோலிட்டர்.